திருத்துவதற்கு மட்டும் ஒரு வானொலி

தையல் இயந்திரம் பழுதுற்றால் திருகாணியைக் கழற்றி உள்ளே பார்க்கிறோம். இற்றை நாட் கருவிகள் பலவற்றில் இது இயலாது. பூட்டு, மானி, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றினுள்ளும் விரல் நகத்தினும் சிறிய கணினி ஒன்று அமர்ந்திருக்கிறது. நுண்கட்டுப்படுத்தி என்பது அதன் பெயர். அது ஆற்றவேண்டிய பணிகளை வகுக்கும் கட்டளைத் தொகுதியை நிலைப்பொருள் என்பர். அதனை எழுதுபவர் மனிதர். ஆதலின் பிழையும் நேரும். கருவி பல்லாயிரம் இல்லங்களை அடைந்தபின் பிழை வெளிப்பட்டால் யாது செய்வது?

கம்பியை இணைத்துப் புதிய கட்டளைகளைப் புகுத்தலாம். ஆயின், நீர் புகாவண்ணம் ஒட்டி மூடிய கருவியில் கம்பியைச் செருக இடமேது? இதனாலேயே, அன்றாட வேலைக்கு வானொலித் தொடர்பு சிறிதும் வேண்டாத கருவியிலும், திருத்துவதற்காக மட்டும் அதனை அமைக்கும் வழக்கம் உண்டாயிற்று. ஆண்டுக்கு ஒருமுறை பேசுவதற்காக ஒரு வானொலியைச் சுமப்பது தகுமா என்று மாணவர்கள் வினவலாம். கணக்கைப் பார்ப்போம்.

நோர்வே நாட்டு நோடிக் நிறுவனத்தின் என்.ஆர்.எவ். 52832 என்னும் சில்லில் நிலையான நினைவகம் 512 கிலோபைற்று. புளூடூத் முறையிற் பேசுவதற்கு அந்நிறுவனம் வழங்கும் எஸ் 132 என்னும் மென்பொருளின் ஆறாம் பதிப்பு, தொடக்கப் பகுதியையும் சேர்த்து, 152 கிலோபைற்றை எடுத்துக்கொள்கிறது. வீட்டின் பத்தில் மூன்று பங்கை எப்போதோ வரும் விருந்தினருக்கு ஒதுக்கியது போலாம். எனினும், அம்மென்பொருளை இயக்காதிருக்கும்வரை வானொலிப் பகுதி மின்னைச் செலவிடாது. இது பேருதவி. ஈ.எஸ்.பி. 32 என்னும் வேறொரு சில்லு வைபை வழியே செய்தி அனுப்புகையில் 240 மில்லி அம்பியர் வரை கொள்ளும். ஆழ்ந்த உறக்கத்திலோ 10 மைக்ரோ அம்பியரே போதும். இரண்டுக்கும் இடையே 24,000 மடங்கு வேறுபாடு! மின்கலத்தின் ஆயுள் வானொலி உறங்குவதிலேயே தங்கியுள்ளது.

இனி, திருத்தம் நடைபெறும் முறையைக் காண்போம். உரியவர் ஒரு பொத்தானை அழுத்தியதும், தொடக்க நிரல் என்னும் சிறு பகுதி வானொலியை எழுப்புகிறது. புதிய நிலைப்பொருள் துண்டு துண்டாக வந்து நினைவகத்தின் வெற்றிடத்திற் சேர்கிறது. அது உரிய நிறுவனத்திடமிருந்தே வந்ததா என்பது எண்முறைக் கையொப்பத்தினாற் சோதிக்கப்படுகிறது. சோதனையில் தேறிய பின்னரே பழையது விலகிப் புதியது இடம்பெறும். இடையில் மின் நின்றாலும் பழையது அழியாது. வேலை முடிந்ததும் வானொலி மீண்டும் உறங்கிவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. திருத்தும் வழி, திருத்தப்படும் பொருளுக்குள் அடங்கியிருத்தல் ஆகாது. 2017ஆம் ஆண்டு அமெரிக்காவில் லொக்ஸ்டேற் என்னும் நிறுவனம் ஒருவகைப் பூட்டுக்குரிய நிலைப்பொருளை வேறொரு வகைப் பூட்டுகளுக்கு அனுப்பிவிட்டது. ஏறக்குறைய 500 பூட்டுகள் செயலிழந்தன. அவை நிறுவனத்தோடு தொடர்புகொள்ளும் ஆற்றலையும் இழந்தமையால், தொலைவிலிருந்து திருத்தவும் இயலவில்லை. கிணற்றில் இறங்கியவனோடு ஏணியும் விழுந்த கதை இது.

பூட்டைக் கழற்றி அனுப்பலாம். நெஞ்சினுள் வைத்த கருவியை என் செய்வது? அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இதயத் துடிப்பைச் சீராக்கும் ஒருவகைக் கருவிகளின் நிலைப்பொருளைப் புதுப்பிக்க அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அனுமதி வழங்கிற்று. உரிமையற்றவர் வானொலி வழியே அக்கருவிக்குக் கட்டளையிடக்கூடும் என்ற அச்சமே காரணம். அந்நாட்டில் மட்டும் அத்தகைய கருவிகள் ஏறத்தாழ 465,000 இருந்தன. அறுவைச் சிகிச்சை வேண்டியதில்லை. மூன்று நிமிடத்தில் வேலை முடியும். அவ்வேளையிலும் கருவி நிமிடத்துக்கு 67 துடிப்பு வீதம் இதயத்தை இயக்கிக்கொண்டிருக்கும். ஆயினும், நோயாளர் வீட்டிலிருந்தபடியே இதனைச் செய்ய இடமளிக்கப்படவில்லை. மருத்துவரிடம் நேரிற் செல்லவேண்டும். முன்னைய அநுபவத்தைக் கொண்டு, இலட்சத்துக்கு மூன்று கருவிகள் முற்றாகச் செயலிழக்கக்கூடும் என்றும் அந்நிருவாகம் மறைக்காது அறிவித்தது. கதவு ஒன்று தேவை. அது எந்நேரமும் திறந்து கிடத்தலும் ஆகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கருவி செய்யப் பழகும் மாணவர்கள் மூன்று வினாக்களைத் தம்முட் கேட்டுக்கொள்வாராக. இக்கதவைத் திறக்க வல்லவர் யார்? திறந்த கதவு தானே மூடிக்கொள்ளுமா? புதியது பிழைத்தால் பழையதற்கு மீள வழி உண்டா? வீட்டுக்குக் கருவி வாங்கும் பெற்றோரும் விற்பவரிடம் இவற்றைக் கேட்கலாம். விடை கூறத் தயங்குபவரிடம் வாங்காதிருத்தலே நன்று.