துகள் பனியும் வானிலை அறிவிப்பும்

நுவரெலியாவில் சனவரி, பெப்ரவரி மாதங்களில் துகள் பனி விழுவது புதுமையன்று. ஒரே இரவில் உருளைக்கிழங்குச் செடிகள் கருகுவதும் கமக்காரர் அறிந்ததே. எனினும், குறைந்த வெப்பநிலை 4 பாகை செல்சியசு என்ற அறிவிப்பைக் கேட்டவுடன், உறைபனிக்கு இடமில்லை எனக் கவலையற்றிருப்போர் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது.

அவ்வெப்பநிலை நிலத்திலிருந்து ஏறக்குறைய 1.25 மீற்றர் உயரத்தில், நிழற்கூண்டினுள் அளக்கப்படுவது. முகிலும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்கின்றது. அப்போது தரையை ஒட்டிய இலைகள் மேலும் சில பாகை குளிர்ந்து உறைநிலையை அடையலாம். குளிர்ந்த காற்று கனமானதாகையால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கும். ஆதலால் மேட்டுப் பாத்தி தப்ப, ஓடையோரப் பாத்தி கருகும்.

ஆகவே, பிரதேசத்துக்குரிய அறிவிப்பு ஓர் எச்சரிக்கையேயன்றி முடிவன்று. இழிவு வெப்பமானியொன்றைப் பள்ளத்திலே பயிரின் உயரத்தில் வைத்து, நாடோறும் குறித்து வருபவரே தம் நிலத்தை அறிவார். கடன்பட்டு வாங்கிய விதைக்கிழங்கின் விலையை நோக்க, அக்கருவியின் விலை சிறிதே.

வானம் தெளிந்து காற்று ஓயும் நாட்களில், பகலிலேயே மண்ணை நனைத்தல் வேண்டும். ஈரமண் வெப்பத்தைச் சேமித்து இரவில் வெளிவிடும். நாற்றுமேடைகளை மாலையில் வைக்கோலால் மூடிக் காலையில் திறந்துவிடுக. பள்ளமான பாத்திகளில் உருளைக்கிழங்கை விடுத்து, கோவா, லீக்ஸ் போன்ற குளிர் தாங்கும் பயிர்களை நடுதல் நன்று. மலைநாட்டு வயல்களில் நெல் குடலைப் பருவத்தில் கடுங்குளிர் படின் பதர் மிகும்; அக்காலத்தில் வயல்நீரை உயர்த்தி வைத்தல் இளங்கதிரைக் காக்கும்.

பனியைத் தடுத்தல் எவர்க்கும் இயலாது; அது விழும் இடத்தை முன்னறிதல் கமக்காரர்க்கு இயலும்.