ஆகாயக் கணக்கும் மலைக் கணக்கும்

ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரு சிறு விமான நிலையங்கள் உள்ளன. இடைத்தூரம் 3 கிலோமீட்டருக்கும் குறைவு; பிரயாண நேரம் சுமார் 2 நிமிஷம். கால அட்டவணைப்படி நடைபெறும் விமானப் பிரயாணங்களில் உலகத்திலேயே குறுகியது இதுவே. இதனை வேடிக்கையென்று எண்ணுவோர் உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. நடுவே கடல் கிடக்கிறது. அத்தீவு ஜனங்கள் அதைக் கடந்தாக வேண்டும். குடிகளின் தேவையை அறிந்து செய்த ஏற்பாடு அது.

நமது நீலகிரியின் நிலை யாது? பிரயாணிகள் விமானம் வந்திறங்கும் அண்மையிலுள்ள நிலையம் கோயமுத்தூரே. அங்கிருந்து உதகைக்கு நேர்கோடாக அளந்தால் சுமார் 55 கிலோமீட்டர். சாலை வழியே 90 கிலோமீட்டர் வரை ஆகிறது. அப்பால் தென்மேற்கே இத்தலாருக்குப் போகிறவன் மேலும் மலை வளைவுகளைச் சுற்றவேண்டும். இக்கஷ்டத்தைக் கண்டு, மலைக்கு ஹெலிகாப்டர் மார்க்கம் அமைத்தால் அரை மணியில் காரியம் முடியுமென்று வாதிப்போர் உளர்.

அவர்கள் 2021 டிசம்பர் 8-ஆம் தேதியை நினைவுகூர வேண்டும். அன்று சூலூர் விமானப்படைத் தளத்தினின்று பகல் 11-48க்குப் புறப்பட்ட ஹெலிகாப்டர், வெல்லிங்டனில் 12-15க்கு இறங்கவேண்டியிருந்தது. கணக்கில் 27 நிமிஷமே. ஆனால் 12-08 அளவில் தொடர்பு அற்றது. குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் அது வீழ்ந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்பட 14 உயிர்கள் மாண்டன. எதிர்பாராது மாறிய வானிலையில் மேகத்துள் புகுந்ததே வினையாயிற்று என்று விசாரணை கூறிற்று. தேர்ந்த விமானப்படையினரையே மயக்கிய மேகத்தை நம்பி, ஏழை நோயாளி எவ்வாறு பிரயாணம் செய்வான்?

ஆகாயத்தில் நிமிஷம் எண்ணுவதை விடுத்து, தரையில் மணி எண்ணுவோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது மண் சரிந்து மலைச்சாலைகள் துண்டிக்கப்பட்டன. உதகையில் 700 படுக்கைகளுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025-இல் திறக்கப்பட்டது. மிக நன்று. ஆயினும் கிராமத்துச் சாலை அறுந்தால் அந்த 700-இல் ஒன்றேனும் இத்தலார்க் குடியானவனுக்கு உண்டா? பறித்த தேயிலைக் கொழுந்தும் சாலை திறக்கும்வரை காத்திராது, வாடிப்போம், கூலியும் வாடும்.

ஆகவே நமது கோரிக்கை எளியது. சரியும் சரிவுகளுக்குத் தடுப்புச் சுவர் வேண்டும். காரமடையிலிருந்து கெத்தை வழியாக மஞ்சூருக்கு ஏறும் சாலையை, மற்ற இரு மலைச்சாலைகளுக்கும் துணையாகும்படி உறுதிப்படுத்த வேண்டும். கோடைக் காலத்தில் உல்லாசப் பிரயாணிகளின் வண்டிகளுக்கு முன்னே நோயாளியின் வண்டிக்கு வழி விடவேண்டும்.

வோட்டுக் கேட்டு மலையேறும் கனவான்களிடம் தொண்டர்கள் ஒன்று கேட்கட்டும்: “மழைக்கால நள்ளிரவில், பிரசவ வேதனையுற்ற ஒரு தாய் இத்தலாரினின்று உதகை சேர எத்தனை நேரம் ஆகும்?” அதற்கு விடை அறியாதவர் விமானத்தைப்பற்றிப் பேசுவது வீண் என்பதே நமது துணிபு.