எலும்புக்கு மருந்து, சிறுநீரகத்துக்குச் சோதனை

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பாட்டியை அறியாத குடும்பங்கள் குறைவு. ஆஸ்டியோபொரோசிஸ் எனப்படும் எலும்பு மெலிவு நோய்க்கு இன்று நல்ல மருந்துகள் உள்ளன. ஆனால் முதியவர்களுக்கு அவற்றைக் கொடுக்கும் முன் எலும்பை மட்டுமல்ல, சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும்.

பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகளே அதிகம் தரப்படுகின்றன. வாரம் ஒரு முறை விழுங்கும் அலென்ட்ரோனேட் மாத்திரையும், ஆண்டுக்கு ஒரு முறை ரத்தக்குழாயில் ஏற்றும் ஜோலெட்ரானிக் அமில ஊசியும் இதில் சேர்த்தி. இவற்றில் ஒரு பகுதி எலும்பில் ஒட்டிக்கொள்கிறது. மீதி சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. மாத்திரையால் சிறுநீரகம் கெடுவது அரிது. ஊசி விஷயத்தில் எச்சரிக்கை தேவை. சிறுநீரகம் செயலிழந்த சம்பவங்கள் பதிவானதால், 2011ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. சிறுநீரகம் நிமிடத்துக்கு 35 மில்லிக்கும் குறைவாக வடிகட்டினால் ஊசி போடக்கூடாது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 78 வயது, 45 கிலோ எடை உள்ள பெண்மணி ஒருவருக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் 1 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை அறிக்கை 'நார்மல்' என்றே சொல்லும். ஆனால் கிரியேட்டினின் என்பது தசையின் கழிவு. வயதானால் தசை சுருங்குகிறது, கழிவும் குறைகிறது. சிறுநீரகம் தளர்ந்தாலும் ரத்தத்தில் அளவு ஏறுவதில்லை.

இதைக் கண்டறிய 1976ல் வெளியான எளிய கணக்கு ஒன்று உண்டு. 140லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்க வேண்டும். அதை, கிரியேட்டினினை 72ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெண்கள் என்றால் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். மேற்சொன்ன பெண்மணிக்கு வருவது 33. அதாவது, அறிக்கைப்படி நார்மல். கணக்குப்படி ஊசி கூடாது.

ஊசிக்குத் தகுதியானவர்களுக்கும் சில நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனை வேண்டும். தண்ணீர் போதிய அளவு குடித்திருக்க வேண்டும். குறைந்தது 15 நிமிடமாவது மெதுவாக ஏற்ற வேண்டும். மூட்டு வலிக்காக டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக்கூடாது.

மாற்று மருந்தும் இருக்கிறது. ஆறு மாதங்களுக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசி சிறுநீரகத்தை நம்பியிருப்பதில்லை. ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இது ரத்தத்தில் கால்சியத்தை அபாயகரமாகக் குறைக்கலாம் என்று 2024ல் அதே நிர்வாகம் எச்சரித்தது. இதைத் திடீரென நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் ஆபத்தும் உண்டு.

இதையெல்லாம் கேட்டுப் பயந்து மருந்தைத் தாமே நிறுத்துவது இன்னொரு தவறு. முறிந்த இடுப்பு பலரை நிரந்தரமாகப் படுக்கையில் தள்ளிவிடும். 'நார்மல்' என்ற சொல்லோடு திருப்தியடையாமல், வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டீர்களா என்று டாக்டரிடம் கேட்பதே புத்திசாலித்தனம்.