எண்ணெய் இருக்கிறதா, தோழி?

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று திருச்சபை நமக்கு விடுக்கும் அழைப்பு ஒன்றே: விழிப்பாயிருக்க வேண்டும் என்பது. திருப்பலி வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் மாறி வருகின்றன. ஓராண்டு மத்தேயு, அடுத்த ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்காஸ். நற்செய்தியாளர் யாராயினும் அந்த ஞாயிறன்று நாம் கேட்பது இதே செய்தியைத்தான். குருவானவர் ஊதா நிறத் திருவுடை அணிகிறார். வானவர் கீதம் பாடப்படுவதில்லை. திருவழிபாட்டு ஆண்டின் முதல் நாளும் அதுவே. உலகம் வாழ்த்துச் சொல்லித் தன் புத்தாண்டைத் தொடங்குகிறது. திருச்சபையோ நம்மை எழுப்பிவிட்டுத் தன் ஆண்டைத் தொடங்குகிறது!

விழிப்பு என்றால் என்ன? பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குக் கண்விழிப்பு புதிதன்று. திருவருகைக் காலமும் அரையாண்டுத் தேர்வும் எங்களுக்குக் கைகோத்தே வருகின்றன. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, புத்தகத்தோடு அமர்வது எங்கள் அன்றாடப் பழக்கம். ஆனால் கண் திறந்திருப்பது மட்டுமே விழிப்பு என்றால், நள்ளிரவு வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்போர் யாவரும் புனிதராகியிருப்பர் அன்றோ? கண் திறந்திருக்க, மனம் உறங்குவதும் உண்டு. வருகிறவரை அடையாளம் கண்டுகொள்ள ஆயத்தமாய் இருக்கும் மனமே விழித்திருக்கும் மனம்.

பத்துக் கன்னியர் உவமையை அறியாதவர் நம் பள்ளியில் இரார். மறைக்கல்வி வகுப்பிலும், நல்லொழுக்க வகுப்பிலும் பலமுறை கேட்டிருக்கிறோம். ஐவர் விவேகமுள்ளவர், ஐவர் விவேகமற்றவர். மணமகன் வரத் தாமதமாகவே கன்னியர் உறங்கிப் போயினர். எத்தனை பேர்? பத்துப் பேருமே உறங்கினர் என்று மத்தேயு எழுதுகிறார். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே விவேகமுள்ளவரின் சிறப்பு உறங்காமையில் இல்லை. உறங்குமுன் எண்ணெய் எடுத்து வைத்ததில் இருக்கிறது. மனிதர் களைத்துப் போவர் என்பதை ஆண்டவர் அறிவார். களைப்பை அவர் குற்றமாகச் சொல்லவில்லை.

இவ்வுவமையைக் கேட்கும்போதெல்லாம் எழும் கேள்வி ஒன்று உண்டு. எண்ணெய் வைத்திருந்த ஐவரும் மற்றவர்க்குச் சிறிது பகிர்ந்திருக்கலாகாதா? அன்பைப் போதித்த ஆண்டவர், கொடாதவரை விவேகமுள்ளவர் என்று கூறலாமா?

எங்கள் கருத்து இது. நள்ளிரவில் கொடுக்க இயலாதவை சில உண்டு. தேர்வு அறையில் அருகிலிருக்கும் தோழிக்கு விடையை நீட்ட முடியாது. நீட்டினால் அது குற்றம். ஆனால் முதல் நாள் மாலை அவளோடு அமர்ந்து, அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பதை யார் தடுத்தார்? விசுவாசமும், செபப் பழக்கமும், பொறுமையும் அப்படிப்பட்டவையே. கடைசி நேரத்தில் அவற்றைக் கடன் வாங்க முடியாது. ஆனால் கன்னியர் விளக்கோடு புறப்பட்ட மாலையில், எண்ணெய் எடுத்துக்கொண்டாயா என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்டிருந்தால்? கடை திறந்திருக்கும் வேளையிலேயே வாங்கி வந்திருப்பர். பத்துப் பேருமே மணவீட்டிற்குள் நுழைந்திருப்பர். அந்தக் கேள்வியை ஒருவரையொருவர் கேட்பதற்கென்றே திருச்சபை நமக்குத் திருவருகைக் காலத்தைத் தந்திருக்கிறது என்பது எங்கள் துணிபு.

தனியே விழித்திருத்தல் எவர்க்கும் எளிதன்று. பாடுகளுக்கு முந்திய இரவில் கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே இராயப்பர், யாகப்பர், அருளப்பர் ஆகிய மூவரையும் தம்மோடு விழித்திருக்குமாறு வேண்டினார். இறைமகனுக்கே துணை தேவைப்பட்டது எனில், பதினைந்து வயதுச் சிறுமியர் நமக்குத் தேவைப்படாதா?

திருவருகைக் காலம் தொடங்கும் நாட்களில், டிசம்பர் 3ஆம் நாள், புனித சவேரியாரின் திருநாள் வருகிறது. 1542இல் இந்தியா வந்து, நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊர் ஊராகச் சென்று உழைத்த மாமனிதர் அவர். 1552இல் சீனக் கரையை அடுத்த தீவொன்றில் உயிர்நீத்தார். தனிமையை அவரைப்போல் அறிந்தவர் சிலரே. அவர் தம் தோழர்களின் மடல்களிலிருந்து அவர்தம் கையெழுத்துகளைக் கத்தரித்தெடுத்து எப்போதும் தம்முடன் வைத்திருந்தார். துணிவு மிக்க புனிதரும் தோழரின் பெயர்களைச் சுமந்தே நடந்தார்.

நம் மண்ணின் மரபும் இதையே கூறுகிறது. டிசம்பர் நடுவில் மார்கழி பிறக்கிறது. நம் வகுப்பிலுள்ள இந்துத் தோழியர் சிலர் அதிகாலையில் திருப்பாவை பாடிவிட்டுப் பள்ளிக்கு வருகின்றனர். ஆண்டாளின் முப்பது பாசுரங்களில் ஆறாவது முதல் பதினைந்தாவது வரையுள்ள பத்தும் உறங்கும் தோழியரை எழுப்பும் பாடல்கள் என்று தமிழாசிரியை விளக்கியிருக்கிறார். முதலில் எழுந்தவர் முந்திச் சென்று இறைவனைக் காண விரையவில்லை. வீடு வீடாக நின்று மற்றவரையும் எழுப்பி அழைத்துச் செல்கின்றனர். வழிபாடு வேறாயினும், இந்தத் தோழமை நாம் போற்றத் தக்கதே.

இனி, நம் வகுப்பறைக்கு வருவோம். யாருக்கு எண்ணெய் குறைகிறது என்பதை எப்படி அறிவது? மதிய உணவு வேளையில் பசியில்லை என்று சொல்லித் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்துவிடுபவள் இருக்கலாம். எப்போதும் சிரித்தவள் ஒரு வாரமாகப் பேசாதிருக்கலாம். பத்தாவதோடு படிப்புப் போதும் என்ற பேச்சு ஒருத்தியின் வீட்டில் எழுந்திருக்கலாம். இவை மதிப்பெண் பட்டியலில் தெரிவதில்லை. ஆசிரியைக்குத் தெரியுமுன் பக்கத்து இருக்கைக்காரிக்குத் தெரியும். விழிப்பு அந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. கன்னியர் உவமை வரும் அதே 25ஆம் அதிகாரத்தின் முடிவில், பசித்தவரிலும் நோயுற்றவரிலும் தாமே இருப்பதாக ஆண்டவர் கூறுகிறார். மணமகனுக்காகக் காத்திருப்பவள், அவர் பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்திருப்பதைக் காணாமல் போகலாமா?

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். விழித்திருப்பது வேறு, வேவு பார்ப்பது வேறு. தோழியின் துன்பத்தை அறிந்து நான்கு பேரிடம் சொல்லி மகிழ்வது விழிப்பன்று. அவளருகே அமர்ந்து, கேட்டு, அவளுக்காக ஒரு மணி செபமாலை சொல்வது விழிப்பு. நம்மால் தாங்க இயலாத சுமையெனில், அவளையும் அழைத்துக்கொண்டு நம்பத்தக்க ஓர் ஆசிரியையிடமோ அருட்சகோதரியிடமோ செல்வதும் விழிப்பே. அது காட்டிக்கொடுத்தல் ஆகாது.

கிறிஸ்துமசுக்கு முன் சீட்டுக் குலுக்கி, கிறிஸ்துமஸ் தோழியைத் தேர்ந்து, மறைவாகப் பரிசளிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அழகிய வழக்கம். ஆயினும் அதை வளையலோடும் வாழ்த்து அட்டையோடும் நிறுத்திவிட வேண்டுமா? சீட்டில் வந்த பெயருக்காக நாள்தோறும் ஒரு செபம், வாரம் ஒருமுறை அவளுக்குக் கடினமான பாடத்தில் அரைமணி நேரம், அவள் வராத நாளில் வீட்டுப் பாடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தல். இவற்றுக்குப் பணம் வேண்டாம், மனமிருந்தால் போதும். எல்லா மதத்தவரும் இதில் சேரலாம்.

அன்புத் தோழியரே! வரும் மார்ச்சு மாதத்தில் நாம் பொதுத்தேர்வு எழுதுவோம்; பின்னர் வெவ்வேறு பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் பிரிந்து செல்வோம். ஒரே வகுப்பில் ஒருவரையொருவர் எழுப்ப நமக்குக் கிடைத்திருக்கும் கடைசித் திருவருகைக் காலம் இதுவாகவே இருக்கக்கூடும். கடை இன்னும் திறந்திருக்கிறது; நள்ளிரவு இன்னும் ஆகவில்லை. பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்போம். பத்து விளக்குகளும் எரியட்டும்.