பன்னிரண்டு காசுகளும் ஒரு தராசும்

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் புதிர் ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களின் வேலையையே கெடுத்த புதிராகும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இது இங்கிலாந்தில் பரவியிருந்தது. யுத்தப் பணியிலே ஈடுபட்டிருந்த விஞ்ஞானிகளின் நேரத்தில் பதினாயிரம் மணித்தியாலம் இதனால் வீணாயிற்று என்றும், இதனை ஜெர்மனியின் மீது போட்டுவிடலாமென ஒரு யோசனை இருந்ததென்றும் கேம்பிரிட்ஜ் கணித மேதை லிட்டில்வுட் 1953ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் வேடிக்கையாகக் குறிப்பிட்டிருக்கிறார். குண்டுக்குப் பதிலாகப் புதிர்!

புதிர் இதுதான். பார்வைக்கு ஒரே மாதிரியான 12 காசுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று கள்ளக் காசு. அது நல்ல காசிலும் கனமானதோ இலேசானதோ, நாம் அறியோம். கையிலே ஒரு தராசு உண்டு, படிக்கற்கள் இல்லை. மூன்றே முறை நிறுத்து, கள்ளக் காசு எது, அது கனத்ததா இலேசானதா என்று சொல்லவேண்டும்.

ஆறை ஒரு தட்டிலும் ஆறை மறு தட்டிலும் வைக்கவே எவருக்கும் முதலில் தோன்றும். ஒரு தட்டுத் தாழும். ஆனால் தாழ்ந்த தட்டிலே கனத்த காசு கிடக்கிறதா, உயர்ந்த தட்டிலே இலேசான காசு கிடக்கிறதா? பன்னிரண்டு காசுகளும் சந்தேகத்திற்குரியனவாகவே நிற்கின்றன.

ஆகவே, நிறுப்பதற்கு முன் எண்ணிப் பார்ப்போம். 12 காசுகளுள் எதுவும் கனத்ததாகலாம், இலேசானதாகலாம்; ஆக 24 வகை. தராசோ ஒவ்வொரு முறையும் மூன்று விடை கூறும்: இடம் தாழ்தல், வலம் தாழ்தல், சமமாய் நிற்றல். இந்த மூன்றாவதை விடையென்றே பலர் மதிப்பதில்லை. உண்மையில், தட்டுகள் அசையாது நின்றால் அவற்றிலுள்ள காசுகள் அத்தனையும் ஒரே நொடியில் குற்றமற்றவையாகிவிடுகின்றன. மூன்று நிறுவைகளில் 27 விடைகள் கிடைக்கும். 24 வகைக்கு அது போதும். ஆனால் முதல் நிறுவைக்குப் பின் எஞ்சும் வகைகள் 9க்கு மேற்படலாகாது; இரண்டாவதன் பின் 3க்கு மேற்படலாகாது. ஆறுக்கு ஆறு நிறுத்தவருக்கு 12 வகை எஞ்சியது.

காசுகளுக்கு 1 முதல் 12 வரை இலக்கமிடுவோம். 1, 2, 3, 4 இடத்தட்டில். 5, 6, 7, 8 வலத்தட்டில்.

சமமானால் குற்றவாளி 9 முதல் 12க்குள் இருக்கிறான். 9, 10, 11 ஆகியவற்றை நல்ல காசுகளான 1, 2, 3 உடன் நிறுக்கவும். மீண்டும் சமமெனில் 12தான் கள்ளக் காசு. கனமா இலேசா என்பதை ஒரு நல்ல காசுடன் நிறுத்து அறியலாம். சமமில்லையெனில் கனமா இலேசா என்பது அப்பொழுதே தெரிந்துவிடும். 9ஐயும் 10ஐயும் நிறுத்தால் வேலை முடிந்தது.

முதல் நிறுவையில் இடம் தாழ்ந்ததாயின் விஷயம் சுவையானது. இங்கே காசுகளைத் தட்டு மாற்றவேண்டும். 1, 2, 5 இடத்தில். 3, 4, 6 வலத்தில். 7, 8 வெளியே. சமமெனில் 7, 8 இரண்டில் ஒன்று இலேசு. அவற்றை நிறுத்தால் உயர்வது கள்ளக் காசு. இடம் தாழ்ந்தால் 1 அல்லது 2 கனம், அன்றேல் 6 இலேசு. 1ஐயும் 2ஐயும் நிறுக்க, தாழ்வது கள்ளக் காசு, சமமெனில் 6. வலம் தாழ்ந்தால் 3, 4, 5 ஆகியவற்றை இவ்வாறே பார்க்க. முதலிலேயே வலம் தாழ்ந்திருந்தால் இடம் வலத்தை மாற்றிக்கொள்க.

பின்னாளில் பௌதிக அறிஞராகப் புகழ் பெற்ற ஃப்ரீமன் டைசன் 1946இல் இப்புதிரை விரிவாக ஆராய்ந்து எழுதினார். நான்கு நிறுவைகளில் 39 காசுகளும், ஐந்தில் 120 காசுகளும் ஆராயலாம்.

உயர்வகுப்பு மாணவர் ஒன்று கேட்கக்கூடும்: 13 காசுகளுக்கு 26 வகைதானே, 27க்குள் அடங்குமே? அடங்கும், ஆயினும் முடியாது. நாலுக்கு நாலு நிறுத்துச் சமமானால் ஐந்து காசுகள், 10 வகை எஞ்சும். ஐந்துக்கு ஐந்து நிறுத்துத் தட்டுச் சாய்ந்தாலும் 10 வகை. எல்லை ஒன்பதல்லவா?

ஆனால் நல்லதென உறுதியான பதினான்காவது காசொன்றை எவரேனும் இரவல் தந்தால் 13ஐயும் மூன்றே நிறுவைகளில் முடிக்கலாம். அந்தக் காசை முதல் நிறுவையில் எங்கே, எத்தனை காசுகளுடன் வைப்பீர்கள்?