சுவிஸ் மாமாவிட்ட என்ன ஹெட்ஃபோன் கேக்கிறது?

வீட்டில பாட்டுச் செய்யிற எங்கட பெடியள், பெட்டையள் கனபேருக்கு ஹெட்ஃபோன் கடையில இருந்து வாறதில்லை. சுவிஸில இருந்தோ ரொரொன்ரோவில இருந்தோ திருவிழாவுக்கு வாற ஆரோ ஒராளின்ர பெட்டிக்குள்ள இருந்துதான் வருது. "என்ன வேணும்?" எண்டு அவை ஒருக்காத்தான் கேப்பினம். அந்த ஒருக்காவை பேஸ் அதிருற புளூரூத் ஹெட்ஃபோனிலயும், லைற் எரியிற கேமிங் ஹெட்செற்றிலயும் செலவழிக்கிறதைப் பாக்க எங்களுக்கு வயிறு எரியுது. விலை குறைஞ்ச, வயர் உள்ள, பாக்க வடிவில்லாத ஒண்டைக் கேளுங்கோ.

பாட்டுக் கேக்கிறதுக்கெண்டு செய்யிற ஹெட்ஃபோன்களில பெரும்பாலானது பேஸைக் கூட்டித்தான் தரும். கேக்கிறவருக்கு அது சந்தோஷம். மிக்ஸ் பண்ணுறவருக்கு அது பொய். வட்டுக்கோட்டை வடமோடிக் கூத்துக்குப் பேர்போன ஊர். அந்த மத்தளத்தை நீங்கள் பதிவு செய்து வைச்சிருக்கிறியள் எண்டு வையுங்கோ. ஹெட்ஃபோன் தன்ர பாட்டில பேஸைக் கூட்டினால், மத்தளம் கூடிப்போச்செண்டு நினைச்சு நீங்கள் குறைப்பியள். பிறகு அதே பாட்டை காரைநகர் பஸ்ஸில போட்டுக் கேட்டால் மத்தளம் தகர டப்பா மாதிரிக் கேக்கும். இதுக்கு வாசிச்சவரும் பொறுப்பில்லை, மைக்கும் பொறுப்பில்லை.

யமஹாவின்ர என்.எஸ்-10 ஸ்பீக்கர் 1978இல வீட்டுப் பாவனைக்கெண்டு வந்தது. வீடுகளில பெரிசா எடுபடேல்லை. ஆனா பாட்டில இருக்கிற பிழையளைக் காட்டிக் குடுக்குது எண்டதுக்காகவே உலகம் முழுக்க ஸ்ரூடியோக்களில ஏறிக் குந்தினது. எங்களுக்கு வேண்டியதும் அந்தக் குணம்தான்.

புளூரூத்துக்கு இன்னொரு வில்லங்கம் இருக்கு. சத்தம் காதுக்கு வந்து சேர நேரம் பிந்தும். படம் பாக்கேக்க அதைப் போன் சரிக்கட்டிப்போடும். ஆனா உங்கட குரலை நீங்களே கேட்டுக்கொண்டு பாடேக்க ஒரு செக்கனில பத்தில ஒரு பங்கு பிந்தினாலே தாளம் குழம்பிப் போகும். அதால வயர் வேணும்.

அடுத்தது, காதை முழுசா மூடுறதா, பின்பக்கம் திறந்ததா? இன்ரர்நெற்றில கனபேர் திறந்ததுதான் மிக்ஸுக்குத் திறம் எண்டு சொல்லுவினம். அமைதியான அறை உள்ளவைக்கு அது சரி. எங்கட அறையில ஃபான் சுத்தும், பக்கத்து வீட்டுச் சேவல் கூவும், திருவிழா எண்டால் பத்து நாளும் கோயில் லவுட்ஸ்பீக்கர் வீட்டுக்குள்ள நிக்கும். அதோட, திறந்த ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு பாடினால் மெட்ரோனோம் சத்தம் மைக்குக்குள்ள கசியும். மூடினதையே எடுங்கோ.

பேர் சொல்லுறதெண்டால் ஓடியோ-ரெக்னிக்கா எம்20எக்ஸ். வெளிநாட்டில சுமார் 50 டொலர். 2022 தொடக்கத்தில அது எங்கட காசுக்கு பத்தாயிரம் ரூபா. இப்ப 15,000 அளவில நிக்குது. இஞ்ச கடையில எண்டால் இறக்குமதிச் செலவும், 2024 ஜனவரியில 18 வீதமாகின வற் வரியும் அதுக்கு மேல ஏறும். வயரைக் கழட்டேலாது எண்டதுதான் அதின்ர குறை. மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் கை நீளுமெண்டால், வயரைக் கழட்டி மாத்தக்கூடிய எம்40எக்ஸ், இல்லாட்டி 1991இல இருந்து ஸ்ரூடியோக்களில உழைக்கிற சொனி எம்.டி.ஆர்-7506. ரெண்டும் 100 டொலர் அளவில வரும். அதுக்கு மேல போக வேண்டாம். மிச்சக் காசு நல்ல மைக்குக்கோ ஓடியோ இன்ரர்ஃபேஸுக்கோ கூடப் பிரயோசனப்படும். எங்கட வெக்கைக்கும் வேர்வைக்கும் காதுப் பஞ்சு உரியத்தான் செய்யும், அதை மட்டும் தனிய வாங்கி மாத்தலாம்.

ஸ்பீக்கர் இல்லாம மிக்ஸ் பண்ணேலாது எண்டு சொல்லுற அண்ணைமாரும் இருக்கினம். அவை சொல்லுறதில பாதி நியாயம். ஹெட்ஃபோனில இடது வலது பிரிவு உள்ளதை விட அகலமாக் கேக்கும், அதை நம்பி எதிரொலியின்ர அளவைத் தீர்மானிச்சால் பிழைக்கும். ஆனா சீமெந்துச் சுவரும் வெறும் நிலமும் உள்ள அறையில ஸ்பீக்கரும் உண்மை சொல்லாது, அறைதான் திரும்பிக் கதைக்கும். ஹெட்ஃபோனில செய்யுங்கோ, பிறகு போன் ஸ்பீக்கரில, ஆட்டோவில, அம்மா குசினியில வைச்சிருக்கிற ரேடியோவில போட்டுப் பாருங்கோ. நாலு இடத்திலயும் பாடுறவரின்ர சொல் விளங்கினால் காணும். உங்களுக்குப் பிடிச்ச பத்துப் பாட்டை அதே ஹெட்ஃபோனில ஒரு மாதம் கேளுங்கோ, அது எங்க கூட்டுது எங்க குறைக்குது எண்டு காதுக்குப் பிடிபடும். சத்தத்தை மட்டும் கூட்டாதேங்கோ. வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேக்கிறதெண்டால் 80 டெசிபெல்லுக்கு மேல போகக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பாட்டுச் செய்யிற ஆளுக்கு அந்த 40 மணித்தியாலம் கெதியா முடிஞ்சிடும்.

மாமாவுக்கு வட்ஸ்அப்பில எழுதேக்க மாடல் இலக்கத்தை முழுசா எழுதுங்கோ. பையர்டைனமிக் டி.டி 770 ப்ரோ மாதிரி ஒண்டை அவர் ஆசையா வேண்டித் தாறதெண்டால், 80 ஓமா 250 ஓமா எண்டதையும் சேத்து எழுதுங்கோ. 250 ஓமை வெறும் போனிலயோ பழைய லப்டொப்பிலயோ குத்தினால் சத்தம் காணாது. பேர்போன மாடல்களுக்குப் போலியும் உலாவுது, அதால ரசீது தாற கடையில எடுக்கச் சொல்லுங்கோ. "நல்ல ஹெட்ஃபோன் ஒண்டு" எண்டு மட்டும் எழுதினால், அங்கத்தைக் கடைக்காரன் அவரின்ர தலையில கட்டுறது லைற் எரியிறதைத்தான்.