சனிக்கிழமை வருவதாகச் சொன்ன அப்பா

ஹெவ்லொக் டவுனில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, சனிக்கிழமைகளில் காலையிலேயே தலைவாரிப் பொட்டிட்டு வாசலில் அமர்ந்திருப்பாள். தகப்பன் வருவதாகச் சொல்லியிருப்பார். பத்து மணிக்கு, வாகன நெரிசல் என்று அழைப்பு வரும். மதியம், அடுத்த கிழமை நிச்சயம் என்று வட்ஸ்அப் செய்தி வரும். தாய் அதை இன்னும் மென்மையாக்கி மகளிடம் சொல்வார். விவாகரத்தாகி இரண்டு வருடமாகியும் அவருக்காக இவர் சாக்குச் சொல்வதைக் காண எனக்கு ஆத்திரமே வருகிறது.

இத்தகைய வாக்குறுதிகள் பிறக்கும் இடத்தைப் பார்க்கவேண்டும். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு வைத்த காரணங்கள் மூன்றே: சோரம், வன்மத்துடன் கைவிட்டுச் செல்லல், மணமுடித்தபோதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. இருவரும் மனமொத்துப் பிரிய அதில் இடமில்லை. ஆகவே ஒருவர் குற்றஞ்சாட்ட, மற்றவர் எதிர்க்காமல் இருந்துவிடுகிறார். அந்த மௌனத்துக்கு விலையாகத்தான், “பிள்ளையின் படிப்பு என் பொறுப்பு” என்ற வார்த்தை வருகிறது. சீதனக் காணிக்கு நொத்தாரிசை அழைத்து உறுதி முடிக்கும் நம் சமூகம், பிரியும்போது மட்டும் வாய்வார்த்தையை நம்புகிறது!

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி, பெற்றோர் பிரிந்த பின்னரும் பிள்ளைக்காக நீதவான் நீதிமன்றத்தில் மனுச்செய்யலாம். கட்டளையை மீறுபவரின் சம்பளத்திலிருந்து அறவிடவும் அவரைச் சிறைக்கு அனுப்பவும் நீதவானுக்கு அதிகாரமுண்டு. நிலைமை மாறினால் தொகையை மாற்றவும் கேட்கலாம். 2022இல் ரூபாய் சரிந்தபோது பழைய தொகையோடு பால்மாவுக்கு அல்லாடிய தாய்மார் சிலரை அறிவேன். இது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. (தகப்பன் வெளிநாட்டில் இருந்தால் கதை வேறு. அதைத் தனியே எழுதவேண்டும்.)

பணம் சரி. சனிக்கிழமைக்கு என்ன செய்வது? பிள்ளையைப் பார்க்கும் உரிமையை நீதிமன்றம் கொடுக்கும். வந்து பார்க்கும் மனதை எந்த நீதவானாலும் கொடுக்க முடியாது.

“தங்கச்சி, அவர் வந்து கதவைத் தட்டின பிறகு பிள்ளைக்குச் சொல்லுங்கோ” என்றேன்.

“அப்பா பொய்யன் எண்டு அவள் நினைக்கக்கூடாது, அண்ணை.”

அவர் பொய்யன் என்று பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவருடைய வார்த்தையைச் சுமந்துபோய்ச் சேர்ப்பிக்கும் வேலையும் தாய்க்குரியதல்ல. சேர்ப்பிப்பவர் மீதே பிள்ளையின் கோபம் முதலில் விழுகிறது. இதையும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

போன சனிக்கிழமை வாசலில் எவரும் இல்லை. வழமையான அழைப்பு வந்தபோது, தாயும் மகளும் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்றிருந்தார்களாம்.